காட்டில் கருங்கரடி எதிர்ப்படும்போது

அலாஸ்காவின் ஊசியிலைக் காடுகள் முதல் மெக்சிகோவின் வடக்கு மலைகள் வரை பரவி வாழும் அமெரிக்கக் கருங்கரடி, உலகிலுள்ள 8 கரடி இனங்களுள் எண்ணிக்கையில் முதலிடம் பெறுவது. கனடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுமாக 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கருங்கரடிகள் இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. அவற்றின் வாழிடங்களில் ஆண்டுதோறும் பெருந்திரளான மக்கள் நடைப்பயணம் செய்கின்றனர், படகு செலுத்துகின்றனர், கூடாரமிட்டுத் தங்குகின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கரடியைக் காணாமலேயே திரும்புகின்றனர், கண்டவர்களும் அது புதருக்குள் மறைவதை மட்டுமே காண்கின்றனர். ஆயினும் அரிதாக நிகழும் உயிர்க்கொலைத் தாக்குதல்கள் கண்மூடித்தனமாக நிகழ்பவை அல்ல. அவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதும், அந்த ஒழுங்கு பொதுமக்களிடையே நிலவும் நம்பிக்கைகளுக்குப் பல இடங்களில் நேர்மாறானது என்பதும் ஆய்வுகளால் தெளிவாகியுள்ளன. சீறியும் தரையை அறைந்தும் ஆரவாரம் செய்யும் கரடியைக் காட்டிலும், ஓசையின்றிப் பின்தொடரும் கரடியே அஞ்சத்தக்கது என்னும் உண்மையை அறிந்தவர், எதிர்ப்படும் கரடியின் நோக்கத்தைச் சில நொடிகளுக்குள் கணித்து, அதற்கேற்பச் செயல்பட முடியும். அக்கணிப்புக்குத் துணைசெய்வதே இவ்வத்தியாயத்தின் பணி.

எந்தக் கரடி என்பதை அறிதல்

இங்கே கூறப்படும் வழிமுறைகள் உர்சஸ் அமெரிக்கானஸ் என்னும் உயிரியல் பெயர் கொண்ட அமெரிக்கக் கருங்கரடிக்கு மட்டுமே உரியவை. தமிழ் வாசகர்கள் நன்கறிந்த கரடி, நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலும் முதுமலைக் காடுகளிலும் நடமாடும் மெலுர்சஸ் உர்சினஸ் என்னும் வேறோர் இனமாகும். கறையானையும் பழங்களையும் முதன்மையாக உண்ணும் அந்தக் கரடி, அருகில் திடீரென மனிதர் தோன்றும்போது அச்சத்தால் தற்காப்பாகப் பாய்ந்து, முகத்தையும் தலையையும் சிதைத்துவிட்டு ஓடும் இயல்புடையது. இமயமலைச் சரிவுகளில் வாழும் ஆசியக் கருங்கரடியும் பெயரளவில் ஒத்திருப்பினும் தனி இனமே. ஆகையால் கோத்தகிரியில் பயன்பட்ட அறிவுரையை ஒன்டாரியோவுக்கும், ஒன்டாரியோவில் கற்றதைக் கோத்தகிரிக்கும் கொண்டுசெல்லுதல் தவறான முடிவுகளுக்கே இட்டுச்செல்லும்.

வட அமெரிக்காவிலேயே வேறுபடுத்தி அறிய வேண்டிய மற்றொரு கரடி, பழுப்புக் கரடியின் உள்நாட்டு வகையான கிரிஸ்லி. இவ்விரண்டையும் நிறத்தைக் கொண்டு பிரித்தறிய முற்படுவது, அனுபவமற்ற பயணிகள் செய்யும் முதல் பிழையாகும். கருங்கரடி பெயருக்கேற்பக் கரியதாக இருப்பது கிழக்குப் பகுதிகளில் பெரும்பான்மை. மேற்கு மலைகளிலோ பழுப்பு, இலவங்கப்பட்டை நிறம், வைக்கோல் நிறம் ஆகியவற்றிலும் கருங்கரடிகள் காணப்படுகின்றன, பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலோரத்தில் வெண்ணிறக் கருங்கரடிகளும் உண்டு. நிறத்தைவிட உடலமைப்பே நம்பத்தக்க அடையாளம்: கிரிஸ்லியின் தோள்களுக்கிடையே தசைத் திரட்சியாலான திமில் ஒன்று எழும்பி நிற்கும், கருங்கரடிக்கு அது இல்லை, கிரிஸ்லியின் முகம் கண்களுக்கும் மூக்குக்கும் இடையே குழிந்திருக்கும், கருங்கரடியின் முகம் பக்கவாட்டில் ஏறக்குறைய நேர்க்கோடாகத் தெரியும், கருங்கரடியின் செவிகள் ஒப்பளவில் நீண்டும் நிமிர்ந்தும் இருக்கும், அதன் நகங்கள் மரமேறுவதற்கேற்பக் குறுகி வளைந்திருக்கும். இவ்வேறுபாட்டை அறிந்துவைப்பது வெறும் அறிவு வேட்கைக்காக அன்று; கிரிஸ்லி தற்காப்புக்காகத் தாக்கும்போது குப்புறப் படுத்து அசைவற்றிருப்பது உயிர்காக்கும், கருங்கரடி தாக்கும்போது அதே செயல் உயிருக்கே உலைவைக்கும்.

கருங்கரடியின் இயல்பும் அதன் அச்சமும்

கருங்கரடி காட்டுக்குள் தோன்றிக் காட்டுக்குள் வளர்ந்த விலங்கு. மரங்கள் அடர்ந்த நிலத்தில், தன்னினும் பெரிய ஊனுண்ணிகளுக்கு நடுவே அது பரிணமித்ததால், ஆபத்தைக் கண்டதும் ஓடி மறைவதும் மரமேறுவதுமே அதன் இயல்பாயின. மரங்கள் அருகிய திறந்த நிலத்தில் வாழ்ந்த கிரிஸ்லியின் மூதாதைகளுக்கு ஏறித் தப்ப மரமில்லாததால், தாய் நின்று போரிட்டுக் குட்டிகளைக் காக்க வேண்டியதாயிற்று என்று விலங்கியலாளர் விளக்குவர். இதன் விளைவாக, ‘குட்டியுடன் இருக்கும் தாய்க்கரடியே மிக ஆபத்தானது’ என்னும் பரவலான நம்பிக்கை, கிரிஸ்லிக்குப் பொருந்தும் அளவுக்குக் கருங்கரடிக்குப் பொருந்துவதில்லை. கருங்கரடித் தாய் பெரும்பாலும் குட்டிகளை மரத்தில் ஏற்றிவிட்டு, கீழே நின்று சீறி, முன்னும் பின்னும் பாய்ந்து அச்சுறுத்துகிறதே அன்றி, மனிதரை உண்மையில் தொடும் அளவுக்குச் செல்வது குறைவு. இதனால் குட்டிகளுக்கருகே செல்லலாம் என்று பொருளாகாது. தாய்க்கும் குட்டிக்கும் இடையே நின்றுவிட்டதை உணர்ந்தவர், வந்த வழியே விலகிச் செல்வதே முறை.

உடல் வலிமையைப் பொறுத்தவரை, வளர்ந்த ஆண் கருங்கரடி 200 கிலோவையும் கடந்து எடை கொள்ளக்கூடியது; குறுகிய தூரத்தில் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவும், மனிதரால் இயலாத விரைவில் மரமேறவும், ஏரிகளை நீந்திக் கடக்கவும் வல்லது. இவ்வளவு ஆற்றலுடைய விலங்கு மனிதரைக் கண்டு ஒதுங்குவதுதான் வியப்புக்குரியது. அந்த ஒதுக்கத்தைக் கெடுக்காமல் காப்பது மனிதர் கையிலேயே உள்ளது.

ஆய்வுகள் காட்டும் ஒழுங்கு

கனடாவின் கல்கரி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீபன் ஹெரெரோ, கரடித் தாக்குதல்களின் காரணங்களை முறையாகத் தொகுத்து 1985-இல் நூலாக வெளியிட்டவர். அவரும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, 1900 முதல் 2009 வரையிலான 110 ஆண்டுகளில் காட்டுக் கருங்கரடிகளால் குறைந்தது 63 பேர், 59 நிகழ்வுகளில், கொல்லப்பட்டதைக் கண்டறிந்தது. இத்தனை பெரிய நிலப்பரப்பில் இத்தனை நீண்ட காலத்தில் நிகழ்ந்த இந்த எண்ணிக்கை மிகச் சிறியது என்பது முதலில் மனங்கொள்ளத்தக்கது. அதனினும் முக்கியமானது, அந்நிகழ்வுகளுள் 88 விழுக்காட்டில் கரடி இரைகொள்ளும் நோக்குடன், அதாவது மனிதரை உணவாகக் கருதி, செயல்பட்டது என்னும் முடிவு. கரடியின் பாலினம் தெரியவந்த இத்தகைய தாக்குதல்களில் 92 விழுக்காடு ஆண் கரடிகளால் நிகழ்ந்தவை. உயிரிழப்பு நேர்ந்த நிகழ்வுகளில் 91 விழுக்காடு தனியாகவோ இருவராகவோ இருந்தோர் மீது நிகழ்ந்தவை. 38 விழுக்காட்டில், மனிதரின் உணவோ குப்பையோ கரடியை அவ்விடத்துக்கு ஈர்த்திருக்கக்கூடும். குட்டியுடன் இருக்கும் தாயை அஞ்சி, தனியே பின்தொடரும் ஆணைப் பொருட்படுத்தாமல் விடுவது எத்துணைப் பெரிய பிழை என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

விதிவிலக்குகளும் இல்லாமலில்லை. டென்னசி, வட கரோலினா மாநிலங்களின் எல்லையிலுள்ள கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் 2000 மே மாதம் ஒரு பெண் கொல்லப்பட்டபோது, அத்தாக்குதலில் ஈடுபட்டவை ஒரு பெண் கரடியும் அதனுடன் இருந்த ஓராண்டு வயதுக் குட்டியுமே ஆகும். கரடியின் பாலினத்தைத் தொலைவிலிருந்து கண்டறிய முயல்வதால் பயனில்லை. பார்க்க வேண்டியது அதன் நடத்தையை.

இரண்டு வகை நடத்தைகள்

மனிதரை நெருங்கும் கருங்கரடியின் நடத்தையைத் தற்காப்பு, இரைநோக்கு என இரண்டாகப் பகுப்பது ஆய்வாளர் மரபு. தற்காப்பு நிலையிலுள்ள கரடி மன அழுத்தத்தில் இருக்கிறது. மனிதர் தனக்கு மிக அருகில் வந்துவிட்டார், விலக வேண்டும் என்பதையே அது தெரிவிக்கிறது. அதன் அடையாளங்கள் வெளிப்படையானவை: மூச்சைப் பலமாக வெளியேற்றி ஊதும் ஒலி, பற்களைக் கொட்டும் ‘டக் டக்’ என்னும் ஓசை, முன்னங்காலால் தரையையோ அருகிலுள்ள செடியையோ ஓங்கி அறைதல், வாயில் நீரொழுகுதல், செவிகளைப் பின்னோக்கி மடித்தல். இவற்றின் உச்சமாக, கரடி வேகமாகப் பாய்ந்துவந்து சில மீட்டர் தொலைவில் சட்டென நின்று திரும்பக்கூடும்; உடலைத் தொடாமல் அச்சுறுத்துவதற்காக மட்டும் நிகழும் இதனைப் பொய்ப்பாய்ச்சல் எனலாம். காண்பவருக்கு இது குலைநடுங்க வைக்கும் காட்சியே எனினும், கருங்கரடியைப் பொறுத்தவரை இத்தகைய ஆரவாரம் பெரும்பாலும் உடற்காயமின்றி முடிகிறது. பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் கரடியோ அச்சுறுத்துவதுகூட இல்லை. திரைப்படங்கள் கற்பித்ததற்கு மாறாக, அது தொலைவில் இருப்பதைப் பார்க்கவும் மோப்பம் பிடிக்கவுமே எழுந்து நிற்கிறது.

இரைநோக்குடைய கரடியிடம் இந்த ஆரவாரம் ஏதும் இராது. ஊதுவதில்லை, பற்களைக் கொட்டுவதில்லை, தரையை அறைவதில்லை; தலையை நிமிர்த்தி, செவிகளை முன்னோக்கி வைத்து, மனிதர்மீதே கண்பதித்து, அமைதியாகவும் விடாப்பிடியாகவும் நெருங்குகிறது. மனிதர் விலகினால் பின்தொடர்கிறது, பாதை மாறினால் தானும் மாறுகிறது, சில நேரங்களில் புதர்களின் மறைவில் சுற்றிவந்து மறுபுறம் தோன்றுகிறது. கத்தியும் கல்லெறிந்தும் விரட்டும்போது சற்றே பின்வாங்கி, மீண்டும் வருகிறது. இந்த அமைதியைச் சாதுத்தனம் என்றோ, ஆவல் என்றோ தவறாக எண்ணிப் படமெடுத்துக்கொண்டு நிற்பவர்கள் உளர் என்பது மிகுந்த கவலைக்குரியது. இளங்கரடிகள் உண்மையான ஆவலால் நெருங்குவதும் உண்டு, பூங்காக்களில் மனிதருக்குப் பழகிப்போன கரடிகள் அச்சமின்றிப் பாதையோரம் மேய்வதும் உண்டு. ஆனால் ஆவலுக்கும் இரைநோக்குக்கும் இடையிலான கோடு மெல்லியது என்பதால், பின்தொடரும் எந்தக் கருங்கரடியையும் இரைநோக்குடையதாகக் கொண்டு உடனே எதிர்வினை புரிவதே அறிவுடைமை.

நியூ ஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் மில்ஃபோர்டில் உள்ள அப்ஷாவா காப்புக்காட்டில் 2014 செப்டம்பரில் நிகழ்ந்த துயரம் இதற்குச் சான்று. அங்கே நடைப்பயணம் சென்ற இளைஞர் ஐவர், கரடியொன்று அருகில் இருப்பதாக எதிரே வந்தோரால் எச்சரிக்கப்பட்ட பின்னும் முன்சென்று, கரடியைக் கண்டு படமெடுத்தனர். அது பின்தொடரத் தொடங்கியதும் அஞ்சி, ஆளுக்கொரு திசையில் ஓடினர். தனியே பிரிந்த ஒருவர் உயிரிழந்தார். அம்மாநிலத்தில் பதிவான முதல் கரடிக்கொலை அது. அக்காட்டில் அந்த இளைஞர்களுக்கு இருந்த மிகப் பெரிய பாதுகாப்பு, தாங்கள் ஐவர் என்பதே. ஓடிச் சிதறிய நொடியில் ஐவர் கொண்ட குழு ஐந்து தனியர்களாக மாறிவிட்டது. அவர்களைக் குறைகூறுவது எளிது, நியாயமன்று. முன்பே யாரும் சொல்லித்தராத நிலையில் ஓடத் தோன்றுவது மனித இயல்பே. முன்பே சொல்லித்தருவது எத்துணை இன்றியமையாதது என்பதற்காகவே அந்நிகழ்வு இங்கே குறிக்கப்படுகிறது.

எதிர்ப்படும்போது செய்ய வேண்டியவை

தொலைவில் கரடி தெரிகிறது, அது மனிதரைக் கவனிக்கவில்லை எனில், ஓசையின்றித் திரும்பிச் செல்லலாம் அல்லது பெரிய வளைவாகச் சுற்றிச் செல்லலாம். கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் கரடியை 50 கெஜத்துக்குள், அதாவது ஏறத்தாழ 45 மீட்டருக்குள், வேண்டுமென்றே நெருங்குவது சட்டப்படி குற்றம். யெல்லோஸ்டோன் பூங்காவில் அத்தொலைவு 100 கெஜம். சட்டம் இல்லாத இடங்களிலும் இந்த இடைவெளியைக் கடைப்பிடிப்பது தகும்.

கரடி மனிதரைக் கண்டுவிட்டது, இரு தரப்பும் அருகருகே உள்ளன எனில், முதற்கடமை அசையாமல் நிற்பது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, குழுவினர் அனைவரும் தோளோடு தோள் சேர்ந்து நின்று, தாழ்ந்த அமைதியான குரலில் பேசத் தொடங்க வேண்டும். எதிரே நிற்பது இரைவிலங்கு அன்று, மனிதர் என்பதைக் குரல் கரடிக்கு உணர்த்துகிறது. பேசியவாறே, முதுகைக் காட்டாமல், பக்கவாட்டாகவும் பின்னோக்கியும் மெல்ல நகர வேண்டும்; கரடி தப்பிச்செல்லும் வழி எதுவோ அதனை அடைக்காமல் நகர்வதும் அவசியம். தற்காப்பு அடையாளங்களைக் காட்டும் கரடி, இந்த இடைவெளி கிடைத்ததும் பெரும்பாலும் அகன்றுவிடும். கரடி நின்றுகொண்டே இருந்தாலோ பின்தொடர்ந்தாலோ நிலைமை மாறிவிட்டது என உணர வேண்டும்: அப்போது நகர்வதை நிறுத்தி, கைகளையும் மேலாடையையும் உயர்த்தி உருவத்தைப் பெரிதாக்கி, இயன்ற அளவு உரக்கக் கத்தி, கற்களையும் கட்டைகளையும் எறிந்து, எதிர்த்து நிற்கும் உறுதியைக் காட்ட வேண்டும். முதுகுப்பையை எறிந்துவிட்டு ஓடுவது இருமடங்கு தீங்கு. முதுகைக் காக்கும் கவசமான பையைப் பயணி இழக்கிறார், மனிதரை அச்சுறுத்தினால் உணவு கிடைக்கும் என்பதைக் கரடி கற்கிறது.

நம் பள்ளிப் பாடநூல்களின் வழியே தமிழ்க் குழந்தைகள் பலரும் அறிந்த கதை, கரடியைக் கண்ட நண்பர் இருவருள் ஒருவன் மரத்தில் ஏறிக்கொள்ள, மற்றவன் மூச்சையடக்கிப் பிணம்போல் கிடந்து தப்பியதைக் கூறுகிறது. நட்பின் தன்மையை உணர்த்த அக்கதை பயன்படலாம். காட்டில் அதனைப் பின்பற்றுவது பேராபத்து. மரமேறுவதில் கருங்கரடி மனிதரினும் பன்மடங்கு வல்லது, குட்டிப் பருவம் முதலே மரம் அதன் புகலிடம்; கிளையில் அமர்ந்திருக்கும் மனிதருக்கு அங்கிருந்து விலகவும் வழியில்லை. பிணத்தைத் தொடாது என்பதும் உண்மையன்று. குளிர்காலம் முடிந்து வெளிவரும் கருங்கரடிகள், பனியில் மடிந்த மான்களின் உடல்களைத் தேடி உண்கின்றன. இரைநோக்குடன் வந்த கரடியின் முன் அசைவற்றுக் கிடப்பவர், போராட்டமின்றி இரையாக ஒப்புக்கொண்டவரே ஆவார்.

ஆகவே, கருங்கரடி உடலைத் தொட்டுத் தாக்கத் தொடங்கினால் எதிர்த்துப் போரிடுவது ஒன்றே வழி. கையில் கிடைக்கும் கல், கட்டை, கைத்தடி, சமையற்பாத்திரம், கத்தி எதுவாயினும் அதனால் கரடியின் மூக்கையும் கண்களையும் முகத்தையும் குறிவைத்து, அது விலகும்வரை இடைவிடாமல் தாக்க வேண்டும். உடனிருப்போர் ஓடிவிடாமல் சேர்ந்து தாக்க வேண்டும்; வெறுங்கையாலும் கட்டையாலும் கருங்கரடியை விரட்டி உயிர்பிழைத்தோர் பலர். இரை எதிர்த்துக் காயப்படுத்துமானால் அதனை விட்டுச்செல்வது ஊனுண்ணிகளின் பொது இயல்பு. காயமுற்ற விலங்கு காட்டில் நெடுநாள் பிழைப்பதில்லை.

மிளகாய்த் தெளிப்பான்

‘பேர் ஸ்பிரே’ என்று கடைகளில் விற்கப்படும் தெளிப்பான், மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் என்னும் வேதிப்பொருளை அழுத்தத்துடன் புகைமூட்டம்போல் வெளியேற்றும் குப்பியாகும். அது கரடியின் கண்களிலும் மூச்சுக்குழலிலும் கடும் எரிச்சலை உண்டாக்கித் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்கிறதே அன்றி, நிலையான ஊறு எதனையும் விளைவிப்பதில்லை. அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை இது பயன்படுத்தப்பட்ட நிகழ்வுகளை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வு, கருங்கரடிகளின் விரும்பத்தகாத நடத்தையை இது 90 விழுக்காடு நிகழ்வுகளில் நிறுத்தியதாகவும், நெருங்கிய எதிர்ப்படல்களில் இதனை வைத்திருந்தோருள் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பியதாகவும் காட்டியது. மனிதருக்கும் விலங்குக்கும் ஒருசேர நன்மை பயக்கும் கருவி என்பதால், துப்பாக்கியைவிட இதனையே இந்நூல் பரிந்துரைக்கிறது.

ஆனால் பையின் அடியில் கிடக்கும் குப்பியால் பயனில்லை. இடுப்புப் பட்டையிலோ மார்புப் பட்டையிலோ உறையிட்டு, இரண்டு நொடிக்குள் எடுக்கும்படி வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புத் தாழ்ப்பாளை நீக்கும் முறையைப் புறப்படுமுன்பே பழகியிருக்க வேண்டும். கரடி ஏறத்தாழ 10 மீட்டர் தொலைவில் வரும்போது, அதன் முகத்துக்குச் சற்றுக் கீழே குறிவைத்துத் தெளித்தால், எழும்பும் மூட்டத்துக்குள் அது தானே ஓடிவந்து நுழையும். எதிர்காற்றில் தெளிப்பவரையும் காரம் தாக்கும் என்றாலும், தாக்க வரும் கரடியின் முன் அதற்காகத் தயங்கக் கூடாது. கொசு விரட்டியைப் போல உடலிலோ கூடாரத்திலோ இதனை முன்கூட்டியே பூசிவைப்பது பெருந்தவறு. காய்ந்த காரப் படிவின் மணம் கரடிகளை ஈர்ப்பது கண்டறியப்பட்டுள்ளது. விமானத்தில் இதனைக் கைப்பையிலோ சரக்குப் பெட்டியிலோ கொண்டுசெல்ல அனுமதியில்லை என்பதால் சென்றடையும் ஊரில் வாங்குவதே வழி. கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவைப் போல இதற்குத் தடை உள்ள இடங்களும் உண்டு, ஆதலால் அந்தந்தப் பூங்காவின் விதியை முன்பே அறிந்துகொள்ள வேண்டும்.

உணவும் மணமும்

கருங்கரடியின் வாழ்க்கை முழுவதும் உணவைச் சுற்றியே அமைந்தது. ஆண்டில் பல மாதங்கள் உண்ணாமலும் பருகாமலும் குகையில் உறங்குவதற்காக, கோடையின் இறுதியிலும் இலையுதிர் காலத்திலும் அது நாளின் பெரும்பகுதியை உண்பதிலேயே கழிக்கிறது. ஹைப்பர்ஃபேஜியா எனப்படும் இந்த மிகையுண்ணும் பருவத்தில் ஒரே நாளில் 20,000 கலோரி வரை உட்கொள்ளக்கூடும். காட்டுப் பழங்களாலும் கருவாலிக் கொட்டைகளாலும் நாள்முழுதும் உழைத்துப் பெறும் ஆற்றலை, கூடாரத்தருகே கிடக்கும் ஒரு பை உணவு சில நிமிடங்களில் தந்துவிடும் என்பதை ஒருமுறை கற்ற கரடி, அதனை மறப்பதில்லை. முதலில் இரவில் ஒளிந்து வரும், பிறகு பகலில் வரும், பிறகு மனிதர் இருக்கும்போதே வரும். இறுதியில் பூங்கா நிர்வாகம் அதனைச் சுட்டுக்கொல்ல நேர்கிறது. மனிதரின் கவனக்குறைவுக்கு விலங்கு உயிரைத் தருகிறது என்பது எண்ணி வருந்தத்தக்கது.

யோசெமிட்டி பூங்காவில் 1998-ஆம் ஆண்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கரடித் தொல்லைகள் பதிவாயின. அவற்றுள் பெரும்பாலானவை, உணவுக்காகக் கரடிகள் கார்களின் கதவுகளைப் பிளந்தவை. அதன்பின் முகாம்களில் இரும்பு உணவுப்பெட்டிகள் பொருத்தப்பட்டு, விதிகள் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப்பட, இவ்வெண்ணிக்கை 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. மனிதரின் பழக்கத்தை மாற்றியதாலேயே பெரும்பகுதி கிட்டிய வெற்றி இது.

காட்டுக்குள் நடந்துசென்று தங்குவோர், ‘பேர் கேனிஸ்டர்’ எனப்படும், கரடியால் திறக்கவோ கடித்து உடைக்கவோ இயலாத தடித்த உருளைப்பெட்டியில் உணவை அடைத்துச் செல்ல வேண்டும். யோசெமிட்டியின் உட்காடுகளிலும், நியூயார்க் மாநிலத்து அடிரோண்டாக் மலைகளின் உயர்சிகரப் பகுதியிலும் இரவு தங்குவோருக்கு இது கட்டாயம். கரடியின் அறிவைக் குறைத்து மதிப்பிடலாகாது. அடிரோண்டாக்கில், காதுகளில் மஞ்சள் நிறத் தகடுகள் பொருத்தப்பட்டதால் ‘யெல்லோ யெல்லோ’ என்று அழைக்கப்பட்ட சிறிய பெண் கரடி ஒன்று, பிற கரடிகள் தோற்றுப்போன ஒருவகைப் பெட்டியின் மூடியைப் பல்லால் அழுத்தித் திருகித் திறக்கக் கற்றுக்கொண்டது. தயாரிப்பாளர் அமைப்பை மாற்றிய பின்னும் அது மீண்டும் திறந்தது. பெட்டி கட்டாயமில்லாத இடங்களில், தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்திலும் மரத்தண்டிலிருந்து 2 மீட்டர் தள்ளியும் தொங்குமாறு உணவுப்பையைக் கயிற்றில் கட்டுவது வழக்கம். இருள் கவியுமுன் அதற்கேற்ற கிளையைக் கண்டுபிடிப்பது எளிதன்று என்பதால் பெட்டியே மேலானது.

சமைப்பதும் உண்பதும் உறங்கும் கூடாரத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் தள்ளியே நிகழ வேண்டும். சமைக்கும்போது அணிந்திருந்த ஆடையுடன் உறங்கக் கூடாது. மணமுள்ள எதுவும் கரடிக்கு உணவே என்று கொள்வது நலம்: பற்பசை, சோப்பு, உதட்டுக் களிம்பு, குழந்தையின் பால்பொடி, நாய்த்தீனி அனைத்தும் பெட்டிக்குள் செல்ல வேண்டியவை. டொராண்டோவிலும் நியூ ஜெர்சியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறையில் கூடாரமிடச் செல்லும்போது, அங்குள்ள கையேடுகள் குறிப்பிடாத சில பொருள்களையும் நினைவில் கொள்ள வேண்டும். தலையில் தடவும் தேங்காயெண்ணெய், சப்பாத்திக்கு எடுத்துச்செல்லும் நெய், நல்லெண்ணெய் மிதக்கும் ஊறுகாய், புளியோதரை கட்டிய இலையோ தாளோ ஆகியவை மோப்பத்தால் வாழும் விலங்குக்கு நெடுந்தொலைவு மணக்கும். எஞ்சிய சோற்றைப் பறவைகளுக்கும் அணில்களுக்கும் என்று மரத்தடியில் வைக்கும் வழக்கம், ஊரில் இரக்கத்தின் வெளிப்பாடு. கரடிக்காட்டில் அது அடுத்து வரும் குடும்பத்தின் கூடாரத்துக்குக் கரடியை அழைத்துவரும் செயலாகிவிடும்.

பாதையிலும் கூடாரத்திலும்

தனியே செல்லாமல் மூவரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து செல்வதும், அடர்ந்த புதர்களிலும் ஓடைகளின் இரைச்சலுக்கருகிலும் குரல் எழுப்பியவாறே நடப்பதும், செவியில் ஒலிக்கருவி பொருத்திக்கொள்ளாததும் முதன்மையான முன்னெச்சரிக்கைகள். அலாஸ்காவில் 2017 ஜூன் மாதம் மலையோட்டப் போட்டியொன்றில் கலந்துகொண்ட 16 வயதுச் சிறுவன் கருங்கரடியால் கொல்லப்பட்டது, ஆள்நடமாட்டம் மிகுந்த பாதையிலும் பிரிந்து தனித்திருப்பவருக்கு ஆபத்து உண்டு என்பதைக் காட்டியது. நாயை அழைத்துச் செல்வோர் அதனை வாரால் பிணைத்தே நடத்த வேண்டும். அவிழ்த்துவிட்ட நாய் கரடியைக் குரைத்துத் துரத்தி, கரடி திரும்பியதும் அஞ்சித் தன் உரிமையாளரிடமே ஓடிவரும், பின்னாலேயே கரடியும் வரும்.

இரவில் கூடாரத்தைக் கிழிக்கும் கருங்கரடியைப் பற்றி ஐயத்துக்கே இடமில்லை. உள்ளே மனிதர் இருப்பதை அறிந்தும் நுழையும் கரடியை இரைநோக்குடையதாகவே கருதி, அந்நொடியே கத்தி, ஒளிபாய்ச்சி, முகத்தில் அடித்து எதிர்க்க வேண்டும். தெளிப்பானும் கைவிளக்கும் தலைமாட்டில், இருளிலும் கை தடவி எடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். ஒன்டாரியோவின் அல்கோன்குயின் பூங்காவில் 1978 மே மாதம் மீன்பிடிக்கச் சென்ற சிறுவர் மூவரும், அதே பூங்காவின் ஒபியோங்கோ ஏரித் தீவொன்றில் 1991 அக்டோபரில் முகாமிட்ட இருவரும் கருங்கரடிகளால் உயிரிழந்தனர். தீவு என்பதால் கரடி வராது என்று எண்ணுவதற்கில்லை என்பதை இரண்டாம் நிகழ்வு உணர்த்துகிறது.

தாக்குதலுக்குப் பின்

கரடி விலகியதும் அவ்விடத்தை விட்டுச் சேர்ந்தே அகல வேண்டும், ஏனெனில் இரைநோக்குடைய கரடி திரும்பி வரக்கூடும். குருதிப்பெருக்கைத் தூய துணியால் அழுத்திக் கட்டுவது முதலுதவி. கரடியின் கடிக்காயம் சிறியதாகத் தோன்றினும் ஆழமாக இருக்கும், கிருமித்தொற்றும் விரைவில் ஏற்படும் என்பதால் மருத்துவமனை செல்லாமல் இருத்தலாகாது. கனடாவிலும் அமெரிக்காவிலும் அவசர உதவிக்கு எண் 911. ஆயினும் உட்காடுகளில் கைப்பேசித் தொடர்பு பெரும்பாலும் கிடைக்காது, ஆதலால் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறுகருவியை நெடும்பயணம் செல்வோர் உடன் வைத்திருப்பது நலம்.

நிகழ்ந்த இடம், நேரம், கரடி வந்த திசை, சென்ற திசை, அதன் நிறம், உருவம், காதில் தகடு உண்டா என்பன பற்றி நினைவு மங்குமுன் வனக்காவலரிடம் தெரிவிக்க வேண்டும். தாக்கப்பட்டவரின் ஆடையைத் துவைக்காமல், தாளுறை ஒன்றில் இட்டு அவர்களிடம் ஒப்படைப்பதும் முக்கியம். அதில் படிந்த உமிழ்நீரின் மரபணுவைக் கொண்டே தாக்கிய கரடி எது என்பதை உறுதிசெய்ய முடிகிறது, அது கிடைக்காதபோது அக்காட்டில் அருகே மேய்ந்துகொண்டிருந்த, எவரையும் தொடாத வேறொரு கரடி கொல்லப்பட நேரலாம்.